நாமமும் நாணயமும்

மூன்று பிரதோஷங்களுக்கு முன் நிகழ்ந்தது இது. நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் முடிந்து, இறைவன் ரிஷப வாகனத்தில் மூன்றாம் சுற்றும் வந்து நிலைகொண்டபின், அடியார்கள் பிரசாதத் தொன்னையுடன் மண்டபத் தூண்களின் ஓரம் அமர்ந்திருந்தனர். என் அருகில் ஓர் அன்பர் வந்து அமர்ந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எண்பதை நெருங்கும் வயது. நாள் தவறாமல் ஆலயத்துக்கு வருபவர், அதிகம் பேசாதவர். அன்று அவர் கையில் நான்காக மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

“ஐயா, என் மகன் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறான். நிலம் வாங்கி, மனைகளாகப் பிரித்து விற்கும் தொழில். அதற்குப் பெயர் வைக்க வேண்டும். தாங்கள் இதில் இரண்டைத் தேர்ந்து கொடுத்தால், குலதெய்வத்தின் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்து ஒன்றை முடிவு செய்துவிடுவேன்” என்றார்.

காகிதத்தைப் பிரித்தேன். ஐந்து பெயர்கள். ஐந்தும் அவர்களுடைய குலதெய்வத்தின் திருநாமமே. ஒன்றில் முன்னால் ‘ஸ்ரீ’. ஒன்றில் பின்னால் ‘அருள்’. மற்றவற்றில் ‘எஸ்டேட்ஸ்’, ‘புரமோட்டர்ஸ்’, ‘பிராபர்ட்டீஸ்’ என்ற ஒட்டுகள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஆங்கில எழுத்துகளும், எண்கணித நிபுணர் கூட்டிப் போட்ட தொகையும் இருந்தன. மூன்று பெயர்களின் மீது பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது.

“இந்தக் குறி எதற்கு?” என்று கேட்டேன்.

“இணையத்தில் அந்தப் பெயர் கிடைக்கவில்லை என்பதற்கு. இக்காலத்தில் வாசலில் பலகை மாட்டினால் மட்டும் போதாதாம். அதே பெயரில் ‘டொமைன்’ என்னும் இணைய முகவரியும் வேண்டுமாம். முதற்பெயரை யாரோ முன்னரே பதிந்து வைத்துக்கொண்டு விலை சொல்கிறார். எங்கள் குலதெய்வத்தின் பெயரை எங்களுக்கே விற்கிறார், ஐயா!”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் கொடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “ஓய்வு பெற்றபோது வந்த தொகையில் மிச்சம் வைத்திருந்தது முழுவதும் இதில்தான் போகிறது. தெய்வத்தின் பெயர் இருந்தால் அது காக்கும் என்று ஒரு நம்பிக்கை.”

அடுத்த பிரதோஷம் வரை அவகாசம் கேட்டு அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்பர்களே, நம்மில் பலருடைய இல்லங்களில் இன்று இந்தக் கேள்வி எழுகிறது. மகனோ பேரனோ தொழில் தொடங்குகிறான். ‘சாமி பெயராகப் பார்த்து ஒன்று சொல்லுங்கள் தாத்தா’ என்று நம்மிடம்தான் வருகிறான். ஆதலால் அந்தப் பதினைந்து நாள்களில் நான் எண்ணியவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

பெயரிடுதல் நம் மரபில் ஒரு சடங்கு. பதினாறு வகைச் சம்ஸ்காரங்களுள் நாமகரணமும் ஒன்று. கோகுலத்தில் கண்ணனுக்கும் பலராமனுக்கும் பெயர் சூட்டக் கர்க்க முனிவர் வந்தபோது, கம்சனுக்குச் செய்தி எட்டிவிடக் கூடாது என்பதற்காக மாட்டுத் தொழுவத்திலேயே அச்சடங்கு ஆரவாரமின்றி நிகழ்ந்தது என்று பாகவதம் கூறுகிறது. உலகறிய முழங்கிய பெயரன்று அது. உரியவர் காதில் மட்டும் ஓதிய பெயர். அந்தப் பெயரை இன்று உலகமே உச்சரிக்கிறது.

தெய்வப் பெயரை மக்களுக்கு இடுவதற்குச் சான்றாக நாம் வழக்கமாகச் சொல்வது அஜாமிளனின் கதையை. நெறி பிறழ்ந்து வாழ்ந்த அவன், இறுதி வேளையில் அச்சத்தால் தன் கடைசி மகனை ‘நாராயணா’ என்று அழைத்தான். மகனைத்தான் அழைத்தான், ஆயினும் நாமம் அவனைக் காத்தது. தலைமையாசிரியர் மனத்தில் இருந்ததும் இந்த நம்பிக்கைதான். நிறுவனத்தின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இறைநாமம் சொன்ன புண்ணியம் சேருமே என்று.

அந்த நம்பிக்கையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அஜாமிளன் தன் மகனைத்தான் அந்தப் பெயரால் அழைத்தான். அந்தப் பெயரைக் காட்டி எவரிடமும் பணம் வாங்கவில்லை. நிறுவனத்தின் பெயர் வேறு வகையானது. அது விளம்பரத்தில் வரும், ரசீதில் வரும், வங்கியின் கடன் கடிதத்தில் வரும், கணக்கு பிசகினால் வக்கீல் அறிவிப்பிலும் நீதிமன்றப் பட்டியலிலும் வரும். தெருவில் இறைத்த துண்டுப் பிரசுரத்தில் வந்து, மழைநீரில் நனைந்து, வழிப்போக்கர் காலில் மிதிபடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் என் கண்ணால் கண்டது ஒன்று உண்டு. அங்கே ஒரு நிறுவனம். தெய்வத்தின் பெயர் தாங்கியது. உரிய அனுமதி பெறாத மனைகளைத் தவணை முறையில் விற்றுவிட்டு, ஒரு நாள் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டது. பூட்டிய கதவின் முன் இருபது முப்பது பேர் நின்றனர். நகையை அடகு வைத்துக் கட்டிய ஒரு மூதாட்டி, யாரோ வழிப்போக்கர் விசாரித்தபோது, ஏமாற்றியவர்களின் பெயரைச் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியாது. பலகையில் இருந்த பெயரைத்தான் சொன்னார். ‘இன்ன சாமி எங்களை ஏமாற்றிவிட்டது’ என்றே அவர் வாயிலிருந்து வந்தது. நாள்தோறும் அந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறவராகவே அவரும் இருந்திருக்கக் கூடும். அந்த வாக்கியத்தை அவரைச் சொல்ல வைத்த பாவம் யாரைச் சேரும்?

அப்படியானால் வணிகத்தில் இறைவன் பெயர் கூடாதா? கூடாது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. நம் முன்னோர் அதைச் செய்தே இருக்கிறார்கள். எவ்வாறு செய்தார்கள் என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், மாமன்னன் ராஜராஜன் இறைவனுக்கு அளித்த பொற்கலங்களின் எடை மிக நுணுக்கமாகக் குறிக்கப்பட்டுள்ளது. அந்தப் பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ஒரு பெயர் உண்டு: ஆடவல்லான். அணிகலன்களை நிறுத்த கல்லின் பெயர் தட்சிணமேரு விடங்கன். நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்பதே பெயர். ஆடவல்லான் என்பது தில்லையில் நடமிடும் பெருமானின் திருநாமம் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் இறைவன் பெயரை எடைக்கல்லுக்கும் மரக்காலுக்கும் வைத்தார்கள். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே கல்லை நம்ப வேண்டும். அந்தக் கல் ஒரு குன்றிமணி எடையும் குறையக் கூடாது. ஆகவே அதற்கு அவன் பெயர். இறைவன் பெயரைச் சொல்லி எவரும் வாடிக்கையாளரை அழைக்கவில்லை. தம்மை அளந்துகொள்ளவே அதைப் பயன்படுத்தினார்கள்.

பிற்கால வணிகரும் அப்படியே. கணக்கின் தலைப்பில் பிள்ளையார் சுழி இட்டார்கள். நெல் அளக்கும்போது ‘ஒன்று’ என்னாது ‘லாபம்’ என்று தொடங்கினார்கள். வருவாயில் ஒரு சிறு பங்கை ‘மகமை’ என்று ஒதுக்கி, கோயில் திருப்பணிக்கும் அறத்துக்கும் செலவிட்டார்கள். வாசலில் பெயர் இல்லாத கடையிலும் கணக்கில் இறைவனுக்கு இடம் இருந்தது.

இனி, தலைமையாசிரியரின் காகிதத்தில் இருந்த பெருக்கல் குறிகளுக்கு வருவோம். இணைய முகவரி என்றால் நமக்கெல்லாம் ஏதோ விளங்காத வித்தை போலத் தோன்றும். உண்மையில் அது நிலத்தைப் போன்றதே. ஒரே சர்வே எண் இரண்டு நிலங்களுக்கு இராதது போல, ஒரே இணைய முகவரி இருவருக்கு இராது. முதலில் பதிந்தவருக்கே அது உரியது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நிலத்துக்குப் பட்டா உண்டு. இணைய முகவரிக்குக் குத்தகை மட்டுமே. ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பெற வேண்டும். ஒரே தடவையில் அதிகம் போனால் 10 ஆண்டுகளுக்குத்தான் கட்டலாம். புதுப்பிக்கத் தவறினால், கெடு முடிந்தபின் வேறு எவரும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக் கைவிடப்பட்ட முகவரிகளைத் தேடி எடுத்து, அவற்றில் சூதாட்ட விளம்பரங்களையும் அதனினும் இழிந்தவற்றையும் போடுவோர் உண்டு. நம் குலதெய்வத்தின் பெயர் தாங்கிய முகவரியில் நாளை எது தோன்றும் என்பது, ஒரு சிறு கட்டணத்தை ஒரு பையன் மறவாமல் கட்டுவதைப் பொறுத்திருக்கிறது. இதை எண்ணியபோது எனக்கு உடல் நடுங்கிற்று.

அடுத்தது எழுத்து. தெய்வப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது எத்தனை வகை! ‘ஸ்ரீ’யை மூன்று விதமாக எழுதுகிறார்கள். ழகரத்துக்கு ‘எல்’ என்பாரும் உண்டு. ‘இசட் எச்’ என்பாரும் உண்டு. நெடிலுக்கு ‘ஏ’ என்ற எழுத்தை ஒருமுறை இடுவாரும் இருமுறை இடுவாரும் உண்டு. இம்மூன்றும் ஒரு பெயரில் அமைந்துவிட்டால் பன்னிரண்டு வகையாக அதை எழுதலாம். பன்னிரண்டில் ஒன்றுதான் நம் வாசல். மற்றப் பதினொன்றும் பிறர் வாசல்கள். நம் விளம்பரத்தைக் கேட்டவர் அந்தப் பதினொன்றில் எதிலாவது நுழையக் கூடும். 2020-ஆம் ஆண்டு தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, எழுத்து முறை பற்றி எழுந்த கருத்துகளால் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது பலருக்கு நினைவிருக்கும். அரசுக்கே எளிதாக அமையாத காரியம் இது. எண்கணிதத்துக்காக ஓர் எழுத்தைக் கூட்டிவிட்டால் குழப்பம் இன்னும் பெருகும். தமிழ் எழுத்திலேயே அமைந்து ‘.இந்தியா’ என்று முடியும் முகவரியும் இன்று கிடைக்கிறது. அதையும் ஒரு வாசலாக வைத்துக்கொள்ளலாம். ஆயினும் பலர் கைப்பேசியில் ஆங்கில எழுத்தையே தட்டிப் பழகிவிட்டதால் அது ஒன்றே போதும் என்று சொல்வதற்கில்லை.

மூன்றாவது, உரிமை. ‘டாட் இன்’ என்று முடியும் முகவரிகளை நிர்வகிக்கும் இந்திய அமைப்புக்கு ‘நிக்சி’ என்று பெயர். நம்முடைய பெயரைத் தீய எண்ணத்துடன் ஒருவர் முந்திப் பதிந்துகொண்டால், அங்கே முறையிட்டு நடுவர் தீர்ப்புப் பெற வழி இருக்கிறது. இணைய முகவரியும் வணிகப் பெயரைப் போலவே பாதுகாப்புக்கு உரியது என்று 2004-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே போய் நிற்பவர், ‘இந்தப் பெயர் என்னுடையது’ என்று காட்ட வேண்டும். எல்லார்க்கும் பொதுவான இறைவனின் பெயரை என்னுடையது என்று எவர் காட்ட இயலும்? ‘ராமாயணம்’ என்ற பெயரை ஊதுவத்திக்கு வணிகச் சின்னமாகப் பதிவது குறித்து எழுந்த வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தமக்கே உரியதாக்கிக்கொள்ள இயலாது என்று 2015-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சாராரின் சமய உணர்வைப் புண்படுத்தக் கூடிய சின்னங்களைப் பதிவு செய்யலாகாது என்பது 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்திலேயே உள்ளது.

ஆக, தெய்வப் பெயர் பக்தியில் மிக வலியது. வணிக உரிமை என்று பார்த்தால் மிக மெலியது. எதிர்த் தெருவில் ஒருவர் அதே பெயரில் கடை திறந்தால், கைகூப்புவதைத் தவிர நாம் செய்யக் கூடியது குறைவே.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு இரண்டாம் பிரதோஷத்துக்குச் சென்றேன். தலைமையாசிரியர் பொறுமையாகக் கேட்டார். பின்னர், “அப்படியானால் சாமி பெயர் வேண்டாம் என்கிறீர்களா?” என்றார். குரலில் வருத்தம் இருந்தது.

“வேண்டாம் என்று சொல்லவில்லை, ஐயா. அந்தப் பெயரை எடைக்கல்லாக வைக்கப் போகிறீர்களா, அலங்காரமாக வைக்கப் போகிறீர்களா என்று மட்டும் உங்கள் மகனைக் கேளுங்கள். எடைக்கல் என்றால், முதலில் அவர் வாங்கப் போகும் நிலத்தை அதில் நிறுத்துப் பாருங்கள்” என்றேன்.

அவர் ஆசிரியர் அல்லவா? சொன்னதை வீட்டுப் பாடமாக எடுத்துக்கொண்டார். மறுநாளே மகனை உடன் அழைத்துக்கொண்டு, அவர்கள் முன்பணம் கொடுத்திருந்த மூன்று ஏக்கர் நிலத்தின் ஆவணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வில்லங்கச் சான்றில் குறை ஏதும் தெரியவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தபோதுதான் ஒரு துண்டு நிலத்தில் கண் நின்றது. நாற்பது சென்ட். அது அவ்வூர்க் கோயிலின் நந்தவனக் கட்டளைக்கு எப்போதோ விடப்பட்ட நிலம். பல தலைமுறைகளாகப் பயிரிட்டு வந்த குடும்பத்தார் அதைத் தம்முடையதாகவே எண்ணி, தம் நிலத்தோடு சேர்த்து விலை பேசியிருந்தனர். அவர்களிடமும் வஞ்சகம் இல்லை. காலப்போக்கில் மறந்துபோயிற்று, அவ்வளவே.

நம் சட்டத்தின் பார்வையில் கோயிலில் எழுந்தருளியிருக்கும் தெய்வம் ஒரு சட்டபூர்வ நபர். அவருக்கு நிலம் இருக்கலாம்; அவர் பெயரில் வழக்காடலாம். 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, ஆணையரின் ஒப்புதல் இன்றிக் கோயில் நிலத்தை விற்பது செல்லாது என்கிறது. ‘சிவன் சொத்து குல நாசம்’ என்று நம் பாட்டிமார் அதையே நான்கு சொற்களில் சொன்னார்கள்.

மகன் அந்த நாற்பது சென்ட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வாங்கலாம் என்று முயன்றார். ஆனால் பாதைக்கான இடம் அந்தத் துண்டின் வழியாகவே அமைந்திருந்தது. பங்காளிகளாகச் சேர்ந்த நண்பர்கள் இருவரும், ‘யார் கேட்கப் போகிறார்கள்?’ என்றார்களாம். இரண்டு நாள் வீட்டில் எவரும் சரியாகச் சாப்பிடவில்லை என்றார் தலைமையாசிரியர். மூன்றாம் நாள் மகன் அந்த நிலத்தைக் கைவிட்டார். கொடுத்த முன்பணத்தில் ஒரு பகுதி இன்னும் திரும்பி வரவில்லை. நண்பர்களில் ஒருவர் விலகிக்கொண்டார்.

மூன்றாம் பிரதோஷத்தன்று தந்தையும் மகனும் சேர்ந்தே வந்தனர். மகனுக்கு நாற்பது வயதிருக்கலாம். வணங்கிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

“ஐயா, சாமி பெயர் வைக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அப்பாவுக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை. தாங்கள் சொல்ல வேண்டும்.”

“ஏனப்பா? இப்போது அல்லவா அந்தப் பெயரை வைக்க உனக்குத் தகுதி வந்திருக்கிறது?” என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

“அன்று அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், சாமியின் நிலத்தைச் சாமியின் பெயராலேயே விற்றிருப்பேன், ஐயா. தெரியாமல்தான் செய்திருப்பேன். இந்த முறை அப்பா பார்த்துச் சொன்னார். அடுத்த முறை என் கண்ணில் படாமல் போனால்? என்னால் வரும் பிழை என் பெயரோடு போகட்டும்.”

தலைமையாசிரியர் ஒன்றும் பேசவில்லை. மகனுடைய தோளில் கையை வைத்தார்.

நிறுவனத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. எழுதினால் விளம்பரமாகிவிடும் என்பதால் அதை இங்கே எழுதவில்லை. அவர்கள் ஊர் வரப்போரத்தில் நிற்கும் ஒரு மரத்தின் பெயர் அது, மூன்றே எழுத்து. ஆங்கிலத்தில் ஒரு வகையாகத்தான் எழுத வரும். இரு மரங்களின் பெயரைக் குறித்துக் குலதெய்வத்தின் முன் பூக்கட்டிப் பார்த்து, அதில் ஒன்றைத் தேர்ந்தார்கள். மரத்தின் பெயரும் பொதுப்பெயர்தானே என்று, அதனோடு ஊரின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். இணைய முகவரியும் அப்படியே கிடைத்துவிட்டது. “எண்கணித நிபுணர் என்ன சொன்னார்?” என்று கேட்டேன். “அவரிடம் கேட்கவில்லை” என்றார் தந்தை. அன்றுதான் அவர் சிரித்ததைக் கண்டேன்.

குலதெய்வம் எங்கே என்று கேட்பீர்கள். கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே, தலைமையாசிரியரின் மணியான கையெழுத்தில் அந்தத் திருநாமம் இருக்கிறது. அதற்கும் கீழே ‘மகமை’ என்று ஒரு பற்று. வெளியார் எவரும் அந்தப் பக்கத்தைப் பார்க்கப் போவதில்லை. கோகுலத்துத் தொழுவத்தில் ஓதிய பெயரைப் போல அது உள்ளேயே இருக்கும்.

இதே நிலையில் இருக்கும் பெரியவர்களுக்குச் சில குறிப்புகள்.

பெயரைத் தொலைபேசியில் ஒருமுறை சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் எழுத்துக் கேட்காமல் எழுத வேண்டும். வீட்டில் முதியவர் ஒருவரிடம் சொல்லி எழுதச் சொல்லிப் பாருங்கள். அதைவிட நல்ல தேர்வு வேறில்லை.

கம்பெனியாகப் பதிவு செய்வதானால், முன்னரே உள்ள பெயரை ஒத்த பெயர் கிடைக்காது. ஓர் எழுத்தைக் கூட்டினாலும், இடைவெளி விட்டாலும், பன்மையாக்கினாலும் சட்டம் அதை வேறு பெயராகக் கருதுவதில்லை. வணிகச் சின்னப் பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள். மனை வணிகம் 36-ஆம் வகுப்பிலும் கட்டுமானம் 37-ஆம் வகுப்பிலும் வரும். பலகை எழுதக் கொடுப்பதற்கு முன், பெயர்ப் பதிவு, சின்னம், இணைய முகவரி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பாருங்கள்.

இணைய முகவரி நிறுவனத்தின் பெயரிலோ உங்கள் பிள்ளையின் பெயரிலோதான் பதிவாக வேண்டும். இணையதளம் அமைத்துத் தரும் இளைஞர் தம் பெயரில் பதிந்துகொள்வது, தரகர் தம் பெயரில் பத்திரம் முடித்துக்கொள்வதற்குச் சமம். புதுப்பிக்க வேண்டிய தேதியைப் பஞ்சாங்கத்தில் குறித்து வையுங்கள். அதையாவது நாம் மறக்க மாட்டோம்.

மனை வாங்கப் போகும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பலகையில் உள்ள தெய்வத்தைப் பார்த்துக் கும்பிடுங்கள். பணத்தை ஆவணத்தைப் பார்த்துக் கொடுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவும், எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்ககமும் 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ‘ரெரா’ ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். அந்தப் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். வாங்குவோரிடம் பெற்ற பணத்தில் 70 விழுக்காட்டை அந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். பதிவு எண் இல்லாத விளம்பரத்தில் எத்தனை திருநாமம் இருந்தாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை விசாரியுங்கள்.

தெய்வப் பெயரைத் தாங்கி, மூன்று தலைமுறையாக ஒருவரையும் வஞ்சிக்காமல் நடக்கும் கடைகள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. அவர்கள் ஆடவல்லான் என்னும் கல்லைக் கையில் வைத்திருப்பவர்கள், வணங்கத் தக்கவர்கள். அந்தக் கல்லைத் தூக்க வலு உண்டு என்று உங்கள் பிள்ளை சொன்னால், மகிழ்ச்சியோடு பெயர் வையுங்கள். இன்னும் அச்சமாக இருக்கிறது என்று சொன்னால், அதைக் குறையாக எண்ணாதீர்கள். அந்த அச்சத்துக்கும் பக்தி என்றே பெயர்.

தலைமையாசிரியரின் மகன் இப்போது வேறொரு நிலம் பார்த்துக்கொண்டிருக்கிறார். முன்பணம் கொடுப்பதற்கு முன், ‘அ’ பதிவேட்டின் நகலைத் தந்தையிடம் கொண்டுவந்து காட்டுகிறாராம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாணவனின் விடைத்தாளைத் திருத்துவது போல அவர் ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார். இறையருளால் அந்தக் கண்களுக்கு ஒளி குறையாதிருக்கட்டும்.